15ஆவது இடமும் 66 பவுணும்

2025 மே 25ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் ட்ரபர்ட் மைதானத்தில் மன்செஸ்டர் யுனைட்டட் கழகம் அஸ்டன் வில்லாவை 2–0 என்ற கோல் கணக்கில் வென்றது. பருவகாலத்தின் கடைசி ஆட்டம். அந்த வெற்றியினால் யுனைட்டட்டுக்குக் கிடைத்த பயன் எதுவுமில்லை. அஸ்டன் வில்லாவின் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பைக் கெடுத்தது மாத்திரமே மிச்சம். 38 ஆட்டங்களில் 18 தோல்விகள், 42 புள்ளிகள், 20 கழகங்களில் 15ஆவது இடம். 1974இல் இரண்டாம் பிரிவுக்குத் தரமிறக்கப்பட்டதற்குப் பின்னர், இங்கிலாந்தின் முதல்நிலைப் பிரிவில் அக்கழகம் இவ்வளவு தாழ்ந்த இடத்தில் ஒருபோதும் முடித்ததில்லை.

ஆனால், பருவகாலம் முடிந்துவிட்டது என்று இரசிகன் உணர்வது கடைசி ஆட்டத்தின் கடைசி விசில் ஊதப்படும்போது அல்ல. அது முன்னரே தெரிந்துவிடும். தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் நாட்கள் பிடிக்கும். 2025 ஜனவரியில் பிறைட்டன் கழகத்திடம் சொந்த மைதானத்தில் தோற்றபின்னர், கழகத்தின் வரலாற்றிலேயே மிக மோசமான அணி தமது அணியாக இருக்கக்கூடும் என்று முகாமையாளர் ரூபன் அமோரிம் செய்தியாளர்கள் முன்னிலையில் கூறினார். அத்துடன் கதை முடிந்திருக்கவேண்டும். முடியவிடாமல் வைத்திருந்தது யூரோப்பா லீக் சுற்றுப்போட்டி. ஏப்ரல் 17ஆம் திகதி பிரான்ஸின் லியோன் கழகத்துக்கு எதிரான காலிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், மேலதிக நேரத்தில் 2–4 என்று பின்தங்கியிருந்த யுனைட்டட், கடைசிச் சில நிமிடங்களில் மூன்று கோல்களைப் போட்டு 5–4 என்று வென்றது. அந்த இரவைக் கண்ட எந்த இரசிகனிடமும் 'இவர்களிடம் எதையும் எதிர்பார்க்காதே' என்று புத்தி சொல்லியிருக்க முடியாது.

மே 21ஆம் திகதி பில்பாவோ நகரில் இறுதியாட்டம். இலங்கை நேரப்படி நள்ளிரவு கடந்து அரை மணித்தியாலத்தில் ஆரம்பமானது. எதிரணி டொட்டன்ஹாம், பிரீமியர் லீக்கில் 22 தோல்விகளுடன் 17ஆவது இடத்தில் முடித்த அணி. முதற்பாதியின் இறுதிக் கட்டத்தில் பிரெனன் ஜோன்சனின் பெயரில் பதிவான, எவருடைய காலில் பட்டுப் போனது என்று திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டியிருந்த ஒரு கோல். 1–0. அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தில் யுனைட்டட் வென்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நிதானமாக யோசித்துப் பார்க்கவேண்டும். 18 தடவைகள் தோற்ற அதே அணிக்குச் சாம்பியன்ஸ் லீக் கதவு திறந்திருக்கும். கோடிக்கணக்கில் பணம் வந்திருக்கும். நிருவாகம் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, 'பார்த்தீர்களா, நாம் சரியான பாதையில்தான் செல்கிறோம்' என்று அறிவித்திருக்கும். ஒரேயோர் இரவின் வெற்றி ஒரு வருடத்துக் கணக்கையும் அழித்திருக்கும். இரசிகர்கள் அழுதார்கள், உண்மைதான். அவர்களைவிடப் பெரிய நட்டம் அடைந்தவர்கள், தமது கணக்கைக் காட்டாமல் தப்புவதற்கு அந்தக் கிண்ணத்தை நம்பியிருந்தவர்கள்.

தோல்விக்குப் பின்னர் வழக்கமான உபதேசங்கள் ஆரம்பமாயின. பொறுமை வேண்டுமாம். 20 தடவைகள் லீக் சாம்பியன் பட்டம் வென்ற கழகத்தின் இரசிகர்கள் சில வருடங்கள் வாடினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறார்கள். வெற்றிக்குப் பழகிப்போன கெட்டுப்போன பிள்ளைகள் என்றும் ஒரு பட்டம். இந்த உபதேசிகளுக்கு வரலாறு தெரியவில்லை. 1974இல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோது இரசிகர்கள் ஓடிப்போகவில்லை. 1974–75 பருவகாலத்தில், இரண்டாம் பிரிவில் விளையாடிக்கொண்டே, இங்கிலாந்திலுள்ள அனைத்துக் கழகங்களையும் விட அதிகமான சராசரிப் பார்வையாளர்களைக் கொண்டிருந்த கழகம் மன்செஸ்டர் யுனைட்டட்தான். ஆட்டமொன்றுக்கு 48 ஆயிரத்துக்கும் அதிகமானோர். 1958 பெப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் வீரர்களையும் பணியாளர்களையும் பறிகொடுத்த கழகத்தைத் தூக்கி நிறுத்தியதில் இந்தக் கூட்டத்துக்கும் பங்குண்டு. தோல்வியைத் தாங்கத் தெரியாதவர்கள் என்று இவர்களைப் பார்த்துச் சொல்வது அநியாயம்.

அவர்களது கோபம் தோல்வியின் மீது அல்ல. தோல்விக்கான பில் யாருடைய கையில் கொடுக்கப்படுகிறது என்பதன் மீதே.

2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் இக்கழகத்தைச் சுமார் 790 மில்லியன் பவுண்களுக்கு வாங்கியது. அதற்கு முன்னர் கழகத்துக்குக் கடன் இல்லை. வாங்குவதற்குத் தேவைப்பட்ட பணத்தின் பெரும்பகுதி கடனாகப் பெறப்பட்டது. அக்கடனின் பெரும்பகுதி கழகத்தின் தலையிலேயே கட்டப்பட்டது. இதை எமது ஊர் உதாரணத்தில் சொல்வதானால், ஒருவர் வந்து ஊர்க்கோயிலை வாங்குகிறார். வாங்குவதற்கான காசுக்குக் கோயில் காணியையும் அம்மனின் நகைகளையும் ஈடு வைக்கிறார். வட்டியை அடியார்கள் போடும் உண்டியல் காசில் கட்டுகிறார். ஆண்டுக்கு ஒரு தடவை தர்மகர்த்தா என்ற வகையில் தமக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். தேர்முட்டி இடிந்துகிடப்பதைச் சுட்டிக்காட்டும் அடியாரிடம் பக்தி குறைந்துவிட்டது என்று கடிந்துகொள்கிறார். மிகைப்படுத்தவில்லை. 2024 மே மாதம் ஆர்சனல் கழகத்துடனான ஆட்டத்தின் பின்னர் பெய்த மழையில் ஓல்ட் ட்ரபர்ட்டின் கூரையிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியதை உலகமே பார்த்தது. வட்டிக்கும் பங்கிலாபத்துக்கும் ஏனைய செலவினங்களுக்குமாக அக்கொள்வனவினால் கழகத்தை விட்டு வெளியேறிய தொகை ஒரு பில்லியன் பவுண்களைத் தாண்டிவிட்டதாகப் பிரித்தானியப் பத்திரிகைகள் பல தடவைகள் கணக்கிட்டு எழுதியிருக்கின்றன. சேர் அலெக்ஸ் பேர்கசன் என்ற அபூர்வ மனிதர் 2013 வரை வெற்றிகளைக் குவித்துக்கொண்டிருந்ததால் இந்த ஓட்டை வெளியே தெரியவில்லை.

2024 பெப்ரவரியில் பிரித்தானியக் கோடீஸ்வரர் சேர் ஜிம் ரட்கிளிப் கால்பங்குக்குச் சற்று அதிகமான பங்கை வாங்கி, உதைபந்தாட்ட விவகாரங்களின் பொறுப்பையும் கையேற்றார். மன்செஸ்டர் பிரதேசத்தில் பிறந்தவர், சிறுவயது முதல் இந்த அணியின் இரசிகர் என்பதால் பலரும் நம்பினார்கள். நடந்தது என்ன? 2024 ஜூலையில் முகாமையாளர் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தம் நீடிக்கப்பட்டது. ஒக்டோபர் 28ஆம் திகதி அவரே நீக்கப்பட்டார். விளையாட்டுப் பணிப்பாளராக டான் அஷ்வேர்த்தைப் பெரும் முயற்சியெடுத்து வேறு கழகத்திடமிருந்து கொண்டுவந்தார்கள். ஐந்தே மாதங்களில் அவரும் போனார். இந்த வெளியேற்றங்களுக்காகக் கழகத்தின் கணக்கில் எழுதப்பட்ட தொகை சுமார் 14.5 மில்லியன் பவுண்கள். இத்தீர்மானங்களை எடுத்தவர்களில் யாரும் தமது சட்டைப்பையிலிருந்து ஒரு பென்ஸ் கூடக் கொடுக்கவில்லை.

கொடுத்தவர்கள் வேறு. 2024 கோடையில் சுமார் 250 ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். 2025 பெப்ரவரியில் மேலும் 150 முதல் 200 வரையானோருக்கு வேலை போகும் என்று அறிவிக்கப்பட்டது. ஓல்ட் ட்ரபர்ட்டில் ஊழியர்களுக்கான உணவுச்சாலையை மூடிவிட்டு அவர்களுக்குப் பழம் வைக்கப்போவதாகச் செய்தி வந்தது. உலகின் பணக்காரக் கழகங்களில் ஒன்று, தனது அலுவலகப் பெண்ணின் மதியச் சோற்றில் மிச்சம் பிடித்து மீளெழப்போகிறதாம்! 2024 நவம்பர் இறுதியில், பருவகாலத்தின் நடுவில், எஞ்சிய ஆட்டங்களுக்கு உறுப்பினர்களுக்கான நுழைவுச்சீட்டின் ஆகக்குறைந்த விலை 66 பவுண்கள் என்று நிர்ணயிக்கப்பட்டது. சிறுவருக்கும் சலுகை இல்லை, ஓய்வூதியருக்கும் சலுகை இல்லை. அதுவரை சிறுவர் 25 பவுண்களுக்கு உள்ளே போகலாம். ஒரு தகப்பன் தனது இரு பிள்ளைகளுடன் 15ஆவது இடத்து அணியைப் பார்க்க 198 பவுண்கள். 2025 மார்ச்சில், அடுத்த பருவகாலத்துக்கான நுழைவுச்சீட்டுகளின் விலையும் 5 சதவீதத்தால் உயர்த்தப்பட்டது. அந்த மாதம் 9ஆம் திகதி ஆர்சனல் ஆட்டத்துக்கு முன்னர் ஆயிரக்கணக்கானோர் கறுப்பு உடையணிந்து மைதானத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். இரு நாட்கள் கழித்து, ஒரு இலட்சம் ஆசனங்களைக் கொண்ட புதிய அரங்கின் அழகிய மாதிரி வடிவத்தை நிருவாகம் வெளியிட்டது. செலவு சுமார் இரண்டு பில்லியன் பவுண்கள். பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு இந்த உத்தி புதியதல்ல. அரசாங்கங்களும் இப்படித்தான் செய்யும்.

இந்த இடத்தில் உலகெங்குமுள்ள தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகவே ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். பருவகாலம் மே 25 உடன் முடிந்தது என்று மேலே எழுதினேன் அல்லவா? கழகத்துக்கு அது முடியவில்லை. மூன்று நாட்களின் பின்னர், மே 28ஆம் திகதி, களைத்துப்போன அதே அணியை விமானத்தில் ஏற்றிக் கோலாலம்பூரில் இறக்கினார்கள். புக்கிட் ஜாலில் அரங்கில் ஆசியான் நட்சத்திர அணியிடம் அது 1–0 என்று தோற்றது. சீட்டு வாங்கி வந்திருந்தவர்கள் கூச்சலிட்டுத் தமது வெறுப்பைக் காட்டினார்கள். அங்கிருந்து ஹொங்கொங். இந்தப் பயணத்தின் நோக்கம் பணம் என்பதை எவரும் மறைக்கவுமில்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ரொறன்ரோவிலும் யாழ்ப்பாணத்திலும் நடுச்சாமத்தில் விழித்திருந்து இந்த அணியைப் பார்க்கும் எமது பிள்ளைகள், அக்கழகத்தின் கணக்குப் புத்தகத்தில் வெறும் சந்தை.

அதைவிடப் பாரதூரமான விடயம் வேறொன்று. மன்செஸ்டர் வாசி விலையுயர்வை எதிர்த்து வாய் திறக்கும்போது, 'உன் இடத்துக்கு வர ஆசியாவில் இலட்சக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள்' என்று அவனுடைய வாயை அடைக்க எம்மைப் பயன்படுத்துகிறார்கள். எம்மிடம் வந்து, 'மைதானத்துக்கு வராத நீயெல்லாம் இரசிகனா' என்கிறார்கள். உள்ளூரானை வெளியூரானைக் காட்டி மிரட்டுவதும், வெளியூரானை உள்ளூரானைக் காட்டி அவமதிப்பதும் ஒரே கையின் வேலை. வாழ்நாளில் ஒரு தடவை ஓல்ட் ட்ரபர்ட்டுக்குப் போவதற்காகப் பணம் சேர்க்கும் தமிழ் இளைஞன், அந்த 66 பவுணை மகிழ்ச்சியுடன் கொடுக்கத்தான் செய்வான். அவனைக் குறைசொல்ல என்னால் முடியாது. தான் அமரும் ஆசனத்தில் மூன்று தலைமுறையாக இருந்த ஒரு குடும்பம் ஏன் இன்று அங்கே இல்லை என்பதையாவது அவன் அறிந்திருக்கவேண்டும்.

'இது வியாபாரம், பிடிக்காவிட்டால் போகாதே' என்பது கடைசி வாதம். பாண் வாங்கும் கடையை மாற்றலாம். பிறந்த ஊரின் அணியை மாற்ற முடியாது என்பதை நன்கு தெரிந்துகொண்டுதான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஆனாலும், எழுந்து போவதற்கு வலிமை இல்லை என்று எவரும் நினைக்கவேண்டாம். 2016 பெப்ரவரி 6ஆம் திகதி லிவர்பூல் இரசிகர்கள், 77 பவுண் சீட்டுக்கு எதிராக, சண்டர்லண்ட் அணியுடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியேறினார்கள். அப்போது அவர்களது அணி 2–0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் 2–2 என்று முடிந்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் அந்த விலையைக் கைவிட்டு மன்னிப்பும் கேட்டார்கள். ஜேர்மனியில் 2024இன் ஆரம்பத்தில், லீக்கின் வருமானத்தில் ஒரு பகுதியை வெளி முதலீட்டாளருக்கு விற்கும் திட்டத்துக்கு எதிராக இரசிகர்கள் வாரக்கணக்கில் மைதானத்துக்குள் டெனிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். பெப்ரவரி 21ஆம் திகதி திட்டம் கைவிடப்பட்டது. அங்கு பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடம் இருக்கவேண்டும் என்பது விதி. அதனால் ஜேர்மனி சொர்க்கமாகிவிடவில்லை. ஒரே கழகம் தொடர்ந்து 11 வருடங்கள் சாம்பியனாக இருந்த லீக் அது. அங்கேயும் அணிகள் தோற்கின்றன, தரமிறங்குகின்றன. தோற்ற பின்னர் தலைவரை வாக்களித்து அனுப்புவதற்கு இரசிகனுக்கு ஒரு கூட்டம் இருக்கிறது.

இங்கிலாந்தில் 2025 ஜூலையில் சட்டமாகிய உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் சுதந்திரமான ஒழுங்குபடுத்துநர் ஒருவரை உருவாக்கியிருக்கிறது. கழகங்களுக்கு அனுமதிப்பத்திரம், உரிமையாளர்களின் தகுதி பற்றிய பரிசோதனை, முக்கிய விடயங்களில் இரசிகர்களுடன் கலந்தாலோசிக்கும் கடப்பாடு எல்லாம் அதில் உண்டு. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய சுப்பர் லீக் திட்டத்தை இரு நாட்களில் வீழ்த்திய இரசிகர்களின் கிளர்ச்சி இல்லாமல் இச்சட்டம் வந்திருக்காது. வரவேற்கிறேன். ஆனால், கலந்தாலோசிப்பது என்றால் என்னவென்று எமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இலங்கையில் எத்தனையோ ஆணைக்குழுக்கள் முன்பாகச் சென்று எமது மக்கள் சாட்சியமளித்திருக்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மன்செஸ்டர் இரசிகர்கள் கோரவேண்டியது உரிமையில் பங்கும் நிருவாக சபையில் வாக்கும். 2005இல் வெறுத்து வெளியேறியவர்கள் ஆரம்பித்த 'எப்சி யுனைட்டட் ஒவ் மன்செஸ்டர்' கழகத்தில் ஒரு உறுப்பினருக்கு ஒரு வாக்கு. சிறிய கழகம்தான், 2015இல் சொந்த மைதானமும் கட்டினார்கள்.

மற்றக் கழகத்தின் அடுத்த பருவகாலம் 2025 ஓகஸ்ட் 17ஆம் திகதி ஓல்ட் ட்ரபர்ட்டில் ஆர்சனலிடம் 1–0 தோல்வியுடன் ஆரம்பமானது. பத்து நாட்கள் கழித்து நான்காம் நிலைப் பிரிவின் கிறிம்ஸ்பி டவுன் லீக் கிண்ணத்திலிருந்து அதை வெளியேற்றியது. தண்ட உதைகளில் 12–11. 2026 ஜனவரியில் அமோரிம் நீக்கப்பட்டார். கிளேசர்களின் பெரும்பான்மை வாக்குரிமை அப்போதும் கைமாறவில்லை.