குதிகால் வலிக்கு ரெஸ்ட் மட்டும் போதுமா?

ஓடுற பசங்களுக்கு குதிகாலுக்கு மேல வலி வந்தா நம்ம ஊர்ல ரெண்டே வைத்தியம்தான். கோச் 'வலியப் பாக்காத, ஓடு'ம்பார். வீட்ல 'ரெண்டு மாசம் காலை அசைக்காத'ம்பாங்க. ரெண்டுமே தப்புங்கறது என் கட்சி.

கோச் சொல்றதுக்கு லியூ ஷியாங் போதும். தடை ஓட்டத்துல ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஆளு. 2008 பெய்ஜிங்ல, சொந்த நாட்டு ஜனங்க முன்னாடி, இந்த வலியால ஓடாமலே வெளியேறினார். வயசு 25. 2012 லண்டன்ல முதல் தடையிலயே விழுந்தார், அக்கிலிஸ் தசைநாண் அறுந்துபோச்சு. (நரம்பு இல்லீங்க. கெண்டைக்கால் தசையை குதிகால் எலும்போட கட்டியிருக்கற கயிறு.)

வெறும் ரெஸ்ட்? அது சர்வரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி. வலி அடங்கும், பக் அப்படியே இருக்கும் :-) கயிறு இன்னும் பலவீனமாகும்.

ஸ்வீடன் டாக்டர் ஆல்ஃபிரட்சன் 1998ல வேற வழி காட்டினார். படி விளிம்புல முன்பாதத்தை வச்சு, நல்ல கால்ல எழும்பி, வலிக்கிற கால்ல குதிகாலை மெதுவா கீழ இறக்கணும். முழங்கால் நீட்டி 15 தடவை மூணு செட், லேசா மடக்கி இன்னொரு மூணு. காலை, மாலை. ஆக தினம் 180, 12 வாரம். ஆய்வுல இதைச் செஞ்ச 15 பேரும் திரும்ப ஓடினாங்க. அவங்க நடுத்தர வயசுக்காரங்கங்கறதையும் சொல்லிடறேன். இப்ப வாரம் மூணு நாள் கனமான எடையோட மெதுவா செய்யற முறையும் வந்தாச்சு.

'டப்'புனு சத்தம் கேட்டு நடக்க முடியலன்னா நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க. பத்து, பன்னெண்டு வயசு வாண்டுகளுக்கு குதிகால் எலும்புலயே வலின்னா அது பெரும்பாலும் வளர்ற எலும்போட சமாச்சாரம், அங்க இந்த 180 கணக்கை எடுத்துட்டுப் போகாதீங்க.