மிஞ்சிய சோறும் மேலதிக எடையும்



எமது கிராமங்களின் பெண்கள் கூட்டங்களில் முன்பெல்லாம் வீடு, காணி, கடன் பற்றியே பேசுவோம். இப்பொழுது கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் வேறொரு பேச்சும் எழுகின்றது. "எனக்குச் சீனி வந்திட்டுதாம்", "பிரஷருக்குக் குளிசை போடுறன்", "முழங்கால் நோவில நிலத்தில இருந்து எழும்பேலாமல் கிடக்கு". இப்படிச் சொல்பவர்கள் முதியவர்கள் அல்லர். நாற்பது வயதைத் தொட்டும் தொடாத தாய்மார். பசியோடு போராடி வந்த எமக்கு உடல் எடை ஒரு பிரச்சினையாகும் என்று யார் நினைத்தோம்? ஆனால் இன்று இலங்கையில் நிகழும் பத்து மரணங்களில் ஏறத்தாழ எட்டு மரணங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், நீரிழிவு போன்ற தொற்றா நோய்களே காரணம். கூடுதலான எடை இந்நோய்கள் பலவற்றுக்கு வழிவிடுகின்றது.

"சோம்பல்தான் காரணம்" என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அதை ஏற்பதில்லை. ஓர் ஊரில் பலருக்கு ஒரே மாற்றம் ஏற்படும்போது, அவர்களுடைய வாழ்க்கை எப்படி மாறியது என்பதையே முதலில் பார்க்கவேண்டும் என்பது சமூகவியல் எனக்குக் கற்பித்த பாடம்.

1990 ஆம் ஆண்டில் வடக்கில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் இல்லாமற்போனது. அக்காலத்தில் பெண்ணின் உடம்பே இயந்திரமாக இருந்தது. கிணற்றில் தண்ணீர் அள்ளினோம். உரலில் மா இடித்தோம். விறகைத் தலையில் சுமந்தோம். சந்தைக்கும் பள்ளிக்கும் சைக்கிள் மிதித்தோம். வானொலி கேட்பதற்குக்கூடச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தைனமோவைச் சுற்றினோம். இன்று குழாயைத் திறந்தால் தண்ணீர். மா கடையில் பைக்கற்றில் கிடைக்கிறது. அரைப்பதற்கு மிக்சி. அடுத்த ஒழுங்கைக்குப் போகவும் மோட்டார் சைக்கிள்.

இந்த வசதிகளை நான் குறை கூறவில்லை. தனியொருத்தியாகக் குடும்பம் சுமப்பவளை மறுபடியும் உரலடிக்குப் போ என்று சொல்வது கொடுமை. ஆனால் உடம்பு கணக்கை மறப்பதில்லை. வேலை பாதியாகக் குறைந்தது. சாப்பாடு பாதியாகக் குறையவில்லை. அதோடு கடைப் பண்டங்களும் வந்து சேர்ந்துள்ளன. பிள்ளைக்கு என்று வாங்கிய பிஸ்கட், றோல்ஸ், சோடா எல்லாவற்றிலும் தாய்க்கும் ஒரு பங்கு உண்டு.

இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்றும் எங்களிடம் இருக்கின்றது. 2009 இல் ஒரு கோப்பைக் கஞ்சிக்காக வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அந்தக் கைகளால் சோற்றை எறிய முடியாது. அதனால் பிள்ளைகள் மிச்சம் விட்டதை, "வீணாகப் போகக்கூடாது" என்று தாய் வாயில் போடுகிறாள். தன்னுடைய சாப்பாடு முடிந்தபின் இது இரண்டாவது சாப்பாடு. பிள்ளை வேண்டாம் என்று தலையாட்டினாலும் இன்னும் ஒரு அகப்பை போடுகிறாள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை; இது நாம் பட்ட பசியின் நினைவு. ஆனால் தேவைக்கு மேல் உண்ட சோறு வீணாகாமல் போவதில்லை. குப்பைக்குப் போகாதது கொழுப்பாகிச் சேருகின்றது, அவ்வளவுதான். சோற்றை மிச்சம் பிடிக்கவேண்டிய இடம் எங்கள் வயிறல்ல. உலையில் அரிசி போடும் இடம்.

எடை குறைக்க வேண்டுமா என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் அது தேவையில்லை. எங்களிடையே இரத்தச்சோகையோடும் மெலிந்த உடம்போடும் இருப்பவர்களும் உள்ளனர். தையல் நாடாவால் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரை, அதாவது ஏறத்தாழ முப்பத்தொன்றரை அங்குலத்தைத் தாண்டினால் கவனம் தேவை. 155 சென்ரிமீற்றர் உயரமான பெண்ணுக்கு 44 முதல் 55 கிலோ வரை பொருத்தமான எடை. அதிகம் கூடியிருந்தாலும் கலங்கவேண்டாம். 70 கிலோ எடையுள்ளவர் நான்கைந்து கிலோ குறைத்தாலே குருதி அமுக்கத்திலும் சீனியிலும் நல்ல மாற்றம் தெரியும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும்.

தேநீரில் இருந்து தொடங்கலாம். நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி என்றால் பதினைந்து தேக்கரண்டி. அது 75 கிராம், 300 கலோரி. 200 கிராம் சோற்றில் உள்ளதைவிட இது அதிகம். சேர்க்கும் சீனி நாளுக்கு 50 கிராமுக்குக் குறைவாகவும், இயன்றால் 25 கிராமுக்குள்ளும் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சீனி தட்டுப்பாடான காலத்தில் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோமே, அந்தப் பழக்கம் இன்றும் நல்லதே. பனங்கட்டியும் சீனிதான்; சிறு துண்டு போதும். மென்பானப் போத்தல்களில் 2016 முதல் நிற அடையாளம் இடப்படுகின்றது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி உண்டு. எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கும் அந்தச் சிவப்பு விளங்கும்.

உணவுக் கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு அல்லது புட்டு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு அல்லது பயறு என்று வையுங்கள். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் வேலியிலும் வளவிலும் கிடைப்பவை. சிவப்பரிசியும் குரக்கனும் நல்லவை என்றாலும் அளவு முக்கியம். பட்டினி கிடக்கவேண்டாம். காலையில் சாப்பிடாமல் விட்டவள் மாலையில் இரட்டிப்பாகச் சாப்பிடுவாள். மெலிவதற்கென்று விற்கும் குளிசைகளையும் மாக்களையும் தொடாதீர்கள். இதயத்துக்குத் தீங்கு என்று 2010 இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுத்ரமின் என்ற மருந்து, பெயர் குறிப்பிடாமல் இப்படியான குளிசைகளில் கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது.

நடப்பதற்குச் செலவில்லை. நாளுக்கு அரை மணிநேரம், வாரத்தில் ஐந்து நாள் விரைவாக நடந்தால் போதும். தனியே நடக்கத் தயங்கினால் நாலு பேராகச் சேருங்கள். 2022 இல் பெற்றோல் இல்லாதபோது மூலையில் கிடந்த சைக்கிள்கள் மறுபடியும் தெருவுக்கு வந்தன. கிட்டிய இடங்களுக்கு அவற்றையே எடுக்கலாம். செயற்கைக் காலோடு வாழும் சகோதரிகளுக்கு எடை கூடினால் காலின் குழி இறுகிப் புண் வரும். உடம்பில் செல் துண்டு உள்ளவர்களும் அவர்களும் வைத்தியரிடம் கேட்டு, கதிரையில் இருந்தபடி செய்யும் பயிற்சிகளைப் பழகலாம். இரவில் நித்திரை வராமல் எழுந்து எதையாவது சாப்பிடுகிறவர்கள் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். நித்திரை குறைந்தால் பசி கூடும். மனத்துயரத்துக்கும் வைத்தியசாலையில் உதவி உண்டு.

முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குச் செல்லுங்கள். அங்கு குருதி அமுக்கமும் சீனியும் இலவசமாகப் பார்ப்பார்கள். உங்கள் ஊர்க் குடும்பநல மாதுவிடம் கேட்டால் நாளைச் சொல்வார்.

கணவனை இழந்த வீட்டில், பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் நீங்களே. நீங்கள் படுக்கையில் விழுந்தால் உழைக்கவும் ஆளில்லை, பராமரிக்கவும் ஆளில்லை. ஆகவே இது அழகுக்காகச் சொல்லும் விடயம் அல்ல. எமது அம்மம்மாமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துச் சேமித்தார்கள். பிடியரிசி என்று அதைச் சொன்னார்கள். இந்த மாதம் அதை மறுபடியும் தொடங்குவோம். வேளைக்கு ஒரு பிடி அரிசி பானையிலேயே இருக்கட்டும். சோறும் மிஞ்சாது, எறிந்த பாவமும் இல்லை. மாத முடிவில் சேர்ந்த அரிசியைச் சுண்டால் அளந்து பார்த்து, எத்தனை சுண்டு என்று அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.