அணி பிரிப்பவர் யார்?

சனிக்கிழமை இரவில் திருப்பூருக்குத் தனி முகம் ஒன்று உண்டு. வாரச் சம்பளம் கைக்கு வந்துசேரும் இரவு அது. ஆறு நாட்கள் ஓயாது ஒலித்த தையல் இயந்திரங்கள் அடங்கிவிடும். கடைவீதிகளில் கூட்டம் நெரியும். அத்தகைய ஓர் இரவில், நோயுற்றிருந்த ஓர் இளைஞனைக் காண அனுப்பர்பாளையம் பக்கத்தில் ஓர் அறைக்குச் செல்ல நேர்ந்தது. பத்தடிக்குப் பத்தடி அறை. அதில் ஆறு பேர் வாசம். பவர் டேபிள் ஓட்டுபவர், ஓவர்லாக் தைப்பவர், கைமடி வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த சிறுவன் என ஐவர் ஒரே கைப்பேசியின் மீது தலைகவிழ்ந்திருந்தனர். திரையில் குத்துச்சண்டை. இரு அணிகளாய்ப் பிரிக்கப்பட்ட வீரர்கள் வாரம் ஒருவராய் வெளியேற்றப்படும் தொலைக்காட்சிப் போட்டியின் பழைய காட்சி அது. ஒருவன் முகத்தில் இரத்தம் வழிந்தபோது அறையில் ஆரவாரம் எழுந்தது.

என் முகத்தில் எதைக் கண்டானோ, ஓவர்லாக் தைக்கும் இளைஞன் கேட்டான்: "இதுல என்னங்க தப்பு? அங்க அடிவாங்குனா காசாவது வருது. நாம அடிவாங்காமயே தேஞ்சு போறமுங்க."

அன்று அவனுக்கு என்னால் விடை கூற இயலவில்லை. கேள்வியில் பாதி உண்மை இருந்தது. ஆதலால்தான் அது என்னை விடாமல் துரத்தியது. காலங்கடந்த என் விடையே இக்கட்டுரை.

அவர்கள் கண்டு களித்த காட்சியின் வரலாற்றை முதலில் அறிவோம். 2005 மார்ச் 7 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'தி கன்டெண்டர்' என்னும் தொடர் தொடங்கியது. நடிகர் சில்வெஸ்டர் ஸ்டலோனும், முன்னாள் உலக வாகையர் சுகர் ரே லெனார்டும் அதன் முகங்களாய் விளங்கினர். நடுத்தர எடைப் பிரிவில் போட்டியிடப் பதினாறு வீரர்கள் திரட்டப்பட்டனர். 'கிழக்கு', 'மேற்கு' என்று அவர்கள் இரு அணிகளாய்ப் பிரிக்கப்பட்டனர். ஒரே கூரையின் கீழ் தங்க வைக்கப்பட்டனர். வெல்பவனுக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என்று அறிவிக்கப்பட்டது. இதற்குச் சில மாதங்கள் முன்னரே, 2004இல், ஆஸ்கர் டி லா ஹோயாவைக் கொண்டு பாக்ஸ் தொலைக்காட்சி இதே போன்றதொரு போட்டியை அவசரமாய் ஒளிபரப்பியது. யாருடைய கற்பனையை யார் திருடினார் என்று வழக்கும் நடந்தது. ஏழை இளைஞர்கள் களத்தில் மோதுமுன்பே, அவர்களை வைத்துப் பொருளீட்ட விரும்பியோர் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டனர்!

போட்டியின் விதி ஒன்றை மட்டும் இங்கே கூர்ந்து நோக்குவோம். ஒவ்வொரு முறையும் இரு அணிகளுக்கும் உடல்வலிமைச் சோதனை ஒன்று வைக்கப்படும். அதில் வெல்லும் அணி தன்னுள் ஒருவனைத் தேர்ந்து, எதிரணியில் அவன் யாருடன் மோதவேண்டும் என்பதையும் தீர்மானிக்கும். தோற்றவன் வீடு திரும்புவான். ஆகவே, ஓர் அணியினர் கூடி அமர்ந்து பேசும் பேச்சு எத்தகையது? "எதிரே இருப்பவர்களில் எளிதில் வீழக்கூடியவன் யார்? நம்மில் யாரை முன்னே அனுப்பினால் எனக்கு நல்லது?" இதுவே அவர்களது ஆலோசனை. அணி என்ற பெயர் இருந்தது. ஆனால் பரிசு அணிக்கு இல்லை, ஒருவனுக்கே. இன்று தோள்மேல் கைபோட்டு நின்றவன் நாளை அதே தோளை வீழ்த்தினால்தான் பரிசை நெருங்க முடியும். நட்பைத் தூண்டிலில் இரையாக வைத்துப் பகையைப் பிடிக்கும் இந்தத் தந்திரத்திற்கு அணி என்று பெயர் சூட்டுவது தமிழுக்கும் இழுக்கு, அணிக்கும் இழுக்கு.

இரண்டாவது குற்றம் இதனினும் கொடியது. குத்துச்சண்டையில் ஒருவன் தன் உடலை விற்கிறான் என்பர். இத்தொடரிலோ உடல் மட்டும் போதவில்லை. வீரனின் மனைவி வேண்டும், குழந்தை வேண்டும், அவனது வறுமை வேண்டும், கண்ணீர் வேண்டும். போட்டியாளர்களின் குடும்பத்தினரும் திரைக்குள் கொண்டுவரப்பட்டனர். மகள் முத்தமிட்டு அனுப்பும் காட்சியை அடுத்துத் தந்தை குத்துப்பட்டு விழும் காட்சி. சண்டைகளோ வெட்டித் தொகுக்கப்பட்டு, இசை கூட்டி, உணர்ச்சி ஏற்றி வழங்கப்பட்டன. ஏழையின் வீட்டுத் துயரம் விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே பரிமாறப்படும் பண்டமாயிற்று.

அப்பதினாறு பேரில் ஒருவர் நஜாய் டர்பின். பிலடெல்பியா நகரத்தின் ஏழ்மையிலிருந்து எழுந்தவர். வயது 23, ஒரு பெண் குழந்தைக்குத் தந்தை. ஒளிப்பதிவுகள் முடிந்து, தொடர் தொடங்குவதற்கு மூன்று வாரங்களே இருந்த நிலையில், 2005 பிப்ரவரி 14 அன்று அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஒரு மனிதன் எதனால் அம்முடிவுக்கு வருகிறான் என்பதை வெளியிலிருந்து எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆதலால் அச்சாவின் பழியை இத்தொடரின் தலையில் நான் சுமத்தவில்லை. நான் கேட்பது வேறு. அவர் இறந்த பின்னும் தொடர் குறித்த நாளில் தொடங்கியது. அவர் தோற்ற சண்டையும் ஒளிபரப்பாயிற்று. அவர் மகளுக்காக நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது, அது நன்றே. ஆயினும், மாண்டவனை மீண்டும் ஒருமுறை பல இலட்சம் கண்களுக்கு முன்னே தோற்கச் செய்த அந்த வாரம், யாருடைய கையும் நடுங்கவில்லையா? பண்டம் தயாராகிவிட்டது, சந்தைக்குச் செல்லவேண்டும் என்பதைத் தவிர வேறு நியாயம் அதற்கு உண்டா?

"ஏழைக்கு வாய்ப்புக் கிடைக்கிறதே, அதைத் தடுக்கலாமா?" என்று வாதிடுவோர் உளர். வாதத்தை நேர்மையாகவே எதிர்கொள்வோம். குத்துச்சண்டையால் உயர்ந்த ஏழைகள் உண்டு. மணிப்பூரின் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்த மேரி கோம் ஆறு முறை உலக வாகையர் ஆனதும், 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றதும் நாடறிந்த செய்தி. நம் வடசென்னையிலோ குத்துச்சண்டை தலைமுறைகளாய் வளர்ந்த கலை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பெயர்பெற்ற அணிகள் அங்கே இருந்தன. 2021இல் பா. இரஞ்சித் இயக்கிய திரைப்படத்திற்குப் பின் இப்பெயர்களைத் திருப்பூர்ச் சிறுவரும் அறிவர். துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் பயின்ற கலை அது. அவையும் எதிரெதிர் அணிகள்தாமே என்று கேட்கலாம்.

ஆம், அவையும் எதிரணிகளே. அங்கும் இரத்தம் சிந்தியது; பகை அரங்கைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் உண்டு. அவற்றைப் பொற்காலமாக்கிக் காட்ட நான் முனையவில்லை. எனினும் வேறுபாடு ஒன்று உண்டு. அதுவே என் வாதத்தின் உயிர். பரம்பரை என்பதை எவரோ ஒரு நிறுவனத்தார் காகிதத்தில் கோடிழுத்துப் பிரிக்கவில்லை. வாத்தியார் என்று அழைக்கப்பட்ட ஆசான் அதற்குத் தலைவர். அவருக்கு மாணவனின் வீடு தெரியும், பசி தெரியும். மாணவன் தோற்றால் பரம்பரையே தோற்றதாகும். தோற்றவனை வெளியேற்றிக் கதவடைக்கும் வழக்கம் அங்கில்லை. வென்றாலும் வீழ்ந்தாலும் அவன் மறுநாள் அதே தெருவில்தான் நடப்பான். தொலைக்காட்சி அணியிலோ, தோற்ற கணத்தில் மனிதன் மறைகிறான். அவன் அழுகை மட்டும் அடுத்த வார முன்னோட்டத்திற்காகப் பத்திரப்படுத்தப்படுகிறது.

நம் நாட்டிலும் இப்போக்கு நுழைந்துவிட்டது. 2017இல் 'சூப்பர் பாக்சிங் லீக்' எட்டு அணிகளுடன் அரங்கேறியது. 2019 டிசம்பரில் 'பிக் பவுட்' போட்டி ஆறு அணிகளுடன் நடந்தது. பஞ்சாப் அணியை வீழ்த்திக் குஜராத் அணி வென்றது. இவை விளையாட்டுப் போட்டிகளே. வீட்டுக் கண்ணீரை விற்ற அமெரிக்கத் தொடருக்கு இவற்றை ஒப்பிடுவது முறையாகாது. ஆயினும் எச்சரிக்கை தேவை. நம் தொலைக்காட்சிகளின் பாட்டுப் போட்டிகளிலும் சமையற் போட்டிகளிலும் போட்டியாளரின் வறுமை எப்படிப் பிழியப்படுகிறது என்பதை அன்றாடம் காண்கிறோம். அந்தப் பழக்கமும் குத்துச்சண்டையும் நம் மண்ணில் கைகோக்கும் நாள் தொலைவில் இல்லை.

இனித் திருப்பூருக்கு வருவோம். "அடிவாங்காமலே தேய்ந்து போகிறோம்" என்றானே அந்த இளைஞன், அவன் சொன்னதில் பொய்யில்லை. பீஸ் ரேட் என்னும் கணக்கில், பக்கத்து இயந்திரத்தில் அமர்ந்திருப்பவனும் போட்டியாளனாகிறான். ஒன்றரை ஷிப்ட் முடித்து எழும்போது முதுகும் கண்ணும் வாங்கிய அடியை எந்த நடுவரும் எண்ணுவதில்லை. ஆனால் இந்நகருக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1984இல் பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நான்கு மாதங்களுக்கு மேல் அடுப்பெரியாத வீடுகள் எத்தனை! அப்போது இவ்வூர்த் தொழிலாளர்களும் ஓர் அணியாய் நின்றனர். அந்த அணியை அவர்களே அமைத்துக்கொண்டனர். பக்கத்து இயந்திரக்காரனை வீழ்த்துவதற்காக அல்ல, அவனோடு சேர்ந்து எழுவதற்காக அமைந்த அணி அது.

மற்றொரு நினைவும் உண்டு, அது கசப்பானது. 2023 மார்ச் தொடக்கத்தில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகக் காணொளிகள் கைப்பேசிகளில் பரவின. வேறெங்கோ வேறு காரணங்களால் நிகழ்ந்த வன்முறைக் காட்சிகள் இங்கு நடந்தவையாய்க் காட்டப்பட்டன. அவை பொய்யென்று தமிழகக் காவல்துறை அறிவித்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. அதற்குள் அச்சம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஒரே மேசையில் கட்டிங்கும் செக்கிங்கும் செய்தவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தனர். இங்கும் ஒரு திரை; இங்கும் இரு அணிகள். கிழக்கு, மேற்கு என்பதற்குப் பதிலாக வடக்கு, தெற்கு. கோடிழுத்தவன் எவன் என்று மோத நின்றவர்கள் கேட்டார்களா?

ஆகவேதான் சொல்கிறேன்: அந்த அறையில் ஆரவாரித்த இளைஞர்கள் வெறும் பொழுதுபோக்கைக் காணவில்லை, ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தனர். உன்னைப் போன்ற ஏழையே உன் எதிரி. அவன் விழுந்தால்தான் உனக்கு வாழ்வு. கோடிழுத்தவரைக் கேள்வி கேளாதே. பரிசை மட்டும் பார். இப்பாடத்தைக் கற்றவன் அரங்கில் மட்டுமா அதைப் பயன்படுத்துவான்?

பார்ப்பவர் குற்றமற்றவரா? புனித அகுஸ்தினார் தம் வாழ்வை அறிக்கையிட்டு எழுதிய நூலில் அலிப்பியுஸ் என்னும் நண்பரைக் குறித்துக் கூறுகிறார். உரோமையின் கொலைக்கள விளையாட்டுகளை வெறுத்தவர் அவர். நண்பர்கள் வலிந்து இழுத்துச் சென்றபோது, அரங்கில் கண்களை இறுக மூடிக்கொண்டார். கூட்டத்தின் பேரொலி எழுந்ததும் கண் திறந்தார், திறந்தவர் மூட மறந்தார், ஆரவாரிப்போருள் ஒருவரானார். காயம் வாளேந்தியவனின் உடலில் விழுந்தது. அதனினும் ஆழமான காயம் பார்த்தவரின் ஆன்மாவில் விழுந்தது. 1962இல், கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்து வளர்ந்த பென்னி பாரெட் என்னும் வீரர், தொலைக்காட்சியில் நேரடியாய் ஒளிபரப்பான சண்டையில் நினைவிழந்து, பத்து நாட்களில் மாண்டார். அன்று வீட்டுக்கூடங்களில் அமர்ந்து பார்த்தவர்கள் அலிப்பியுஸின் வாரிசுகள் அல்லரா? அமெரிக்கத் தொடர் வெளியான அதே 2005இல், உரோமையின் இயேசு சபையார் வெளியிடும் 'லா சிவில்த்தா கத்தோலிக்கா' இதழ் தொழில்முறைக் குத்துச்சண்டையை அறநெறிக்கு மாறானதென்று கண்டித்தது. அக்கண்டனம் பார்வையாளர்களாகிய நமக்கும் உரியது.

குத்துச்சண்டையைத் தடைசெய்க என்று நான் கோரவில்லை. ஆசானும் விதியும் மருத்துவரும் உள்ள களத்தில் அதைப் பயில விரும்பும் இளைஞனுக்கு வழி திறக்கட்டும். திருப்பூரின் உழைக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மைதானமும், அதில் கால்வைக்க ஒரு மணிநேர ஓய்வும் கிடைக்கட்டும். பங்கு மன்றங்களும் ஊர்ச் சங்கங்களும் இதைக் கேட்டுப் பெறலாம். ஏழையின் கண்ணீரைக் காசாக்கும் காட்சிக்கு நம் கண்களை வாடகைக்கு விடாதிருப்பதோ, யாரையும் கேளாமலே நாம் செய்யக்கூடியது.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான். அங்கே அடிவாங்கினால் காசு வருகிறது என்றாய். வருகிறது, ஆனால் பெருங்காசு அடிவாங்குபவனுக்கு வருவதில்லை, அணி பிரித்தவனுக்கே வருகிறது. நீ தேய்வது அநீதி. அந்த அநீதிக்கு மருந்து இன்னொருவன் முகத்தில் இல்லை. உன் அறையில் உன்னோடு பாய்விரித்துப் படுக்கும் அந்த ஐவரைப் பார். அவர்களே உன் அணி.