பிள்ளைப்பாக்கத்துக்கு ஆய்வுக்கூடமும் வேண்டும்

காட்மியம் டெல்லூரைடு என்னும் சேர்மத்தைக் கண்ணாடியின் மேல் சில மைக்ரோமீட்டர் தடிமனுக்குப் படியவைத்தால், அதன் மீது விழும் சூரிய ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ள அதுவே போதும். சிலிக்கான் தகடுகளுக்கு நூறு மைக்ரோமீட்டருக்கும் மேற்பட்ட தடிமன் தேவைப்படுகிறது. இந்த மென்படல முறையில் சூரியத் தகடு தயாரிக்கும் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் ஆலை, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 3.3 கிகாவாட் உற்பத்தித் திறன் கொண்டது. அதே ஆண்டில் அந்நிறுவனம் தனது பெரிய ஆய்வு மையத்தை அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் திறந்தது. உற்பத்தி இங்கே, ஆராய்ச்சி அங்கே என்ற இந்தப் பிரிவினையைத் தமிழ்நாடு அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

ஆய்வு மையம் ஓஹையோவில் அமைந்ததற்குக் காரணம் உண்டு. அம்மாநிலத்தின் டொலிடோ நகரம் நெடுங்காலமாகக் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அத்தொழிலில் தேர்ந்த ஹரால்ட் மெக்மாஸ்டர் 1980களில் சூரிய மின்கலத்தின் பக்கம் திரும்பினார். டொலிடோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் அவருடைய நிறுவனத்துடன் இணைந்து உழைத்தார்கள். அந்த நிறுவனமே 1999இல் கைமாறி ஃபர்ஸ்ட் சோலார் ஆனது. பெரிய கண்ணாடித் தகட்டைச் சூடேற்றி வளையாமல் நகர்த்தும் வித்தை தொழிற்சாலைக்குத் தெரியும்; அதன் மேல் படியும் படலம் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. காட்மியம் குளோரைடு சேர்த்துச் சுமார் 400 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தினால் மின்கலத்தின் திறன் பல மடங்கு கூடும் என்பது அனுபவத்தில் கண்டறியப்பட்ட உண்மை. படிகமணிகளின் விளிம்பில் அப்போது என்ன நிகழ்கிறது என்பதை விளக்க ஆய்வாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. படலத்தில் கலக்கப்படும் செம்பு நாளடைவில் இடம்பெயர்ந்து திறனைக் குறைத்த சிக்கலும் அப்படித்தான்: காரணம் புரிந்த பிறகே மாற்றுக் கலப்பு சாத்தியமாயிற்று.

கூட்டாய்வு மட்டுமே வெற்றிக்கு உத்தரவாதம் ஆகாது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து இதே சேர்மத்தை நம்பித் தோன்றிய அபவுண்ட் சோலார், சிலிக்கான் தகடுகளின் விலைச் சரிவைத் தாங்க முடியாமல் 2012இல் திவாலானது. ஆனால் அப்பல்கலைக்கழகத்தில் ஆய்வு நின்றுவிடவில்லை.

தமிழ்நாட்டில் மென்படல ஆய்வு புதிதன்று. கரைசலைச் சூடான கண்ணாடி மேல் தெளித்துப் படலமாக்கும் ஸ்ப்ரே பைராலிசிஸ் கருவி பல இயற்பியல் துறைகளில் இருக்கிறது. ஆனால் அங்கே உருவாகும் மாதிரி சில சதுர சென்டிமீட்டர். ஆலையிலிருந்து வெளிவரும் தகடோ சுமார் 2.8 சதுர மீட்டர். இவ்வளவு பெரிய பரப்பு முழுதும் ஒரே தடிமனில், துளையின்றிப் படியவைப்பது தனி அறிவியல். அதைக் கற்க இடமில்லாததால் மாணவரின் உழைப்பு ஆய்விதழ்க் கட்டுரையோடு முடங்கிவிடுகிறது. அது பெரும் இழப்பு.

வழிகாட்ட முன்மாதிரி இங்கேயே இருக்கிறது. 2010இல் தொடங்கிய சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் இடம்பெறும் நிறுவனங்கள், பேராசிரியர்களுடனும் மாணவர்களுடனும் கூட்டாகப் பணியாற்றிப் புள்ளிகள் ஈட்ட வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி தயாரிக்கும் செயின்ட் கோபைனின் ஆய்வு மையமும் அங்கே உள்ளது. ஐஐடிக்குக் கிடைத்த இந்த வாய்ப்பு மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் கிடைக்க வேண்டும்.

நிலமும் சலுகையும் தரும் அரசுக்குப் பதிலுக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அரை மீட்டர் அகலக் கண்ணாடிக்காவது பூச்சிடக்கூடிய பொது ஆய்வுக்கூடம் ஒன்றை அரசும் நிறுவனங்களும் செலவைப் பகிர்ந்து அமைக்க வேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் அனுபவத்தையும் அதில் சேர்க்கலாம். முனைவர் பட்ட மாணவருக்குக் கல்லூரியிலிருந்து ஒருவர், ஆலையிலிருந்து ஒருவர் என இரு வழிகாட்டிகள் இருக்க வேண்டும். காப்புரிமைப் பங்கும், ஆய்வு முடிவை வெளியிடுவதற்கான காலக்கெடுவும் தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

தொழில் ரகசியம் கசியும் என்ற அச்சம் நியாயமானது. செய்முறையின் நுட்பங்களை நிறுவனங்கள் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும். எல்லோருக்கும் பொதுவான கேள்விகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. கடலோர உப்புக்காற்றிலும் ஈர வெப்பத்திலும் பூச்சு எத்தனை ஆண்டு தாங்கும்? ஆயுள் முடிந்த தகட்டிலிருந்து நச்சுத்தன்மை கொண்ட காட்மியத்தையும் அரிதான டெல்லூரியத்தையும் எப்படி மீட்பது? முதல் ஆய்வுத் திட்டங்களை இந்த இரண்டிலிருந்தும் தொடங்கலாம்.