முயற்சி செய்தால் கட்டாயம் வருமா?

'மில்லியன் டொலர் ஆர்ம்' படத்தை எங்களில் பலர் ஏ.ஆர். ரஹ்மானின் இசைக்காகவே பார்த்திருப்பம். 2014-இல் வந்த டிஸ்னி படம். பேஸ்போல் விளையாடியே இராத இரண்டு இந்தியப் பெடியங்கள் ஒரு போட்டியில் தெரிவாகி, அமெரிக்கா போய், பெரிய கழகத்தோட ஒப்பந்தம் செய்கிற உண்மைக் கதை. படம் அந்த ஒப்பந்தத்தோட முடிஞ்சிடும். ஆனால் பெற்றோராகிய நாங்கள் தெரிஞ்சிருக்க வேண்டியது அதுக்குப் பிறகு நடந்ததுதான்.

ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் உத்தரப் பிரதேசத்தவர். லக்னோவில் விளையாட்டுக் கல்லூரி ஒன்றில் ஈட்டி எறிந்து பழகியவர்கள். ரிங்குவின் அப்பா லொறிச் சாரதி, வீட்டில் ஒன்பது பிள்ளைகள். 2008-இல் நடந்த போட்டியில் ரிங்கு மணிக்கு 87 மைல் வேகத்தில் பந்தெறிந்து 100,000 டொலர் வென்றார். அதே வருசம் நவம்பரில் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகம் இருவரையும் எடுத்துக்கொண்டது.

எடுத்தவுடனே தொலைக்காட்சியில் காட்டுகிற மேஜர் லீக் ஆட்டத்தில் இறக்கமாட்டார்கள். அதுக்குக் கீழே மைனர் லீக் என்று ஒரு ஏணி இருக்கு. புதுமுகங்களுக்கான ரூக்கி லீக், பிறகு சிங்கிள் ஏ-க்குள்ளேயே சில படிகள், அதுக்கு மேலே டபிள் ஏ, ட்ரிபிள் ஏ. சின்னச் சின்ன நகரங்கள், நீண்ட பஸ் பயணங்கள். ஏறத் தொடங்கியவர்களில் பெரும்பாலானோர் உச்சியைப் பார்க்காமலே இறங்கிவிடுவார்கள்.

2009 ஜூலையில் இருவரும் புளோரிடாவில் அடிப்படியில் தொடங்கினார்கள். 2010 டிசம்பரில் தினேஷைக் கழகம் விடுவித்தது. அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். ரிங்கு தொடர்ந்தார். 2012-இல் மேற்கு வேர்ஜீனியாவில், லோ ஏ படியில், 72 இன்னிங்ஸ் எறிந்தார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி மூன்று ஓட்டம்தான் விட்டுக்கொடுத்தார். பந்தெறிபவருக்கு அது நல்ல கணக்கு. மேஜர் லீக்குக்கு முன்னால் இன்னும் மூன்று படிதான் இருந்தது. பிறகு கையில் காயம், முழங்கையில் சத்திரசிகிச்சை. 2013, 2014, 2015 என்று மூன்று பருவம் அப்படியே போயிற்று. 2018-இல் அவர் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்துக்கு மாறி, வீர் மகான் என்ற பெயரில் மேடை ஏறினார்.

இந்தக் கதையை வீட்டில சொன்னபோது அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "உதில சம்பளம் ஒழுங்கா வந்ததோ?"

நாங்கள் சிரிச்சம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். 2022 வரைக்கும் அடிப்படியில் நிற்கிற வீரருக்கு வருசத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 4,800 டொலர். மேஜர் லீக்குக்கு அடுத்த படியான ட்ரிபிள் ஏ-யில் கூட 17,500தான். வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2022-இல் மேஜர் லீக் 185 மில்லியன் டொலர் கொடுத்து அதைத் தீர்க்க இணங்கியது. பிறகு சங்கமாகச் சேர்ந்து பேசி, 2023-இல் முதல் கூட்டு ஒப்பந்தம் செய்தார்கள். அடிப்படிச் சம்பளம் 19,800 ஆகவும், ட்ரிபிள் ஏ 35,800 ஆகவும் உயர்ந்தது.

லண்டனில் எங்கட பிள்ளைகளுக்கு முன்னால இருக்கிற ஏணி கவுண்டி கிரிக்கெட்டும் ஃபுட்போல் அக்கடமியும். அக்கடமிகள் 9 வயதுக்கு உட்பட்ட அணியிலேயே பிள்ளைகளைப் பதிவு செய்கின்றன. 16 வயதில் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா என்று ஒரு வடிகட்டல், 18-இல் தொழில்முறை ஒப்பந்தம் வருமா என்று இன்னொன்று. வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணிக்கு ஆடியபோது நாங்கள் எல்லாரும் சந்தோசப்பட்டம், பெருமைப்பட்டம். சந்தோசப்பட வேண்டியதுதான். அது மூன்றாம் நிலை லீக் என்பது அந்தப் பெருமையைக் குறைக்கவில்லை. அந்தப் படிக்கு வருகிறதே எவ்வளவு கஷ்டம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரிகிற பெற்றோருக்குத் தெரியும்.

எங்கட அப்பா அம்மா விளையாட்டுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தார்கள்: "முதல்ல படிப்பை முடி, பிறகு பாப்பம்." அந்தப் பதிலோட வளர்ந்த நாங்கள் இப்ப மற்றப் பக்கம் சாய்கிறம். "கடுமையா முயற்சி செய், கட்டாயம் வரும்" என்று பிள்ளைக்கு மூச்சுக்கு மூச்சு சொல்லுறம். அன்பாகத்தான் சொல்லுறம். ஆனால் 16 வயதில் ஒரு கடிதத்தில் "உன்னை வைத்திருக்கவில்லை" என்று வந்தால், அந்தப் பிள்ளை அதிலிருந்து என்ன கணக்குப் போடும்? 'வரவில்லை, அப்படியெண்டால் நான் முயற்சி செய்யவில்லை.'

தினேஷும் ரிங்குவும் ஒரே ஏணியில், ஒரே மாதத்தில் கால் வைத்தவர்கள். ஒருவரைக் கழகம் விட்டது, மற்றவரைக் கை கைவிட்டது. இதில் யாருடைய முயற்சி போதவில்லை என்று சொல்லுவீர்கள்?

என்ர மகனுக்கு 14 வயது, வேகப் பந்து வீசுகிறவன். கவுண்டி வயதுப் பிரிவுத் தெரிவுக்குப் போகமுன்னம் அவனிட்ட இப்படித்தான் சொன்னேன்: "நீ முயற்சி செய். ஆனா வாறதும் வராததும் உன்ர கையில மட்டும் இல்லை. முழங்கை இருக்கு, கோச்சின்ர தெரிவு இருக்கு, அந்த வருசம் உன்ர இடத்துக்கு நிக்கிற மற்றப் பிள்ளையும் இருக்கு."

"அப்ப ஏன் விளையாடோணும்?" என்று கேட்டான்.

"உனக்குப் பிடிச்சிருக்கெல்லோ?"

"ஓம்" என்று சொல்லிப்போட்டு சப்பாத்தைத் தேடப் போனான்.

அக்கடமிக்கோ கவுண்டிக்கோ பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோர் ஒரு விசயத்தைக் கட்டாயம் விசாரியுங்கோ. யார் மேலே போனார்கள் என்று அவர்களே படம் போட்டுக் காட்டுவார்கள். போன வருசம் விடுவிக்கப்பட்ட பிள்ளைகள் இப்ப எங்க படிக்கிறார்கள், விடுவித்த பிறகு அவர்களோட யார் தொடர்பில் இருக்கிறார்கள் என்று கேளுங்கோ. பதில் சொல்லத் தடுமாறினால் அதையும் குறித்து வைத்துக்கொண்டு முடிவெடுங்கோ.