ஒரு பேசின் தண்ணீரும் ஒரு பிறஷும்

யாழ். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,



நான் நெடுந்தீவில் பிறந்தவள். 30 வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றிருக்கிறேன். கோரிக்கைக்கு முன்னர் ஒரு தவறை எழுதிவிடுகிறேன். அது நான் செய்த தவறு.

பயிற்சிக் காலத்தில் முதுகுப் பராமரிப்பை இப்படித்தான் பழகினோம். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைப்போம். நாரிக்குக் கீழே எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில், உள்ளங்கையில் ஸ்பிரிட் ஊற்றி, தோல் சிவந்து சூடேறும் வரைக்கும் வட்டம் வட்டமாகத் தேய்ப்போம். பிறகு பவுடர். சிவப்பைக் கண்டால் இரத்தம் நன்றாக ஓடுகிறது என்று மனதுக்குத் திருப்தியாக இருக்கும். "எரியுது பிள்ளை" என்று ஒரு ஆச்சி என் கையைப் பிடித்தா. "கொஞ்சம் பொறுங்கோ ஆச்சி, புண் வராமல் இருக்கத்தானே" என்று சொல்லித் தொடர்ந்து தேய்த்தேன்.

அவ சொன்னதுதான் சரி. அந்த இடத்துச் சதை ஏற்கனவே எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் நசிந்து இரத்தம் இல்லாமல் தவிக்கிறது. அதைத் தேய்த்தால் உள்ளே இன்னும் கிழியும். ஸ்பிரிட் தோலை வறட்டும். பவுடர் வியர்வையோடு கட்டியாகி உரசும். படுக்கைப்புண் பற்றிய 2014 ஆம் ஆண்டுச் சர்வதேச வழிகாட்டி, ஆபத்தில் இருக்கும் தோலைத் தேய்க்கவே வேண்டாம் என்கிறது. செய்ய வேண்டியது நேரத்துக்கு நேரம் ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பதும், கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிக்கால் மெத்தையில் படாமல் நிற்க விடுவதும்தான். இதற்குக் காசு வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். நான் இதைப் படித்து அறிந்தபோது வேலையில் பாதிக்கு மேல் கடந்துவிட்டது. அந்த ஆச்சியிடம் போய்ச் சொல்ல வழியில்லை.

சான்றின் அடிப்படையிலான தாதியம் என்றால் பெரிய வைத்தியசாலைகளுக்கும் பட்டப்படிப்புக்கும் உரிய விசயம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கு அது அந்த ஆச்சியின் முதுகு. ஒரு வேலையை வழமை என்பதற்காகச் செய்கிறோமா, நோயாளிக்கு நன்மை என்று கண்டறிந்து செய்கிறோமா என்ற கேள்வி. தீவகத்தில் இந்தக் கேள்விக்கு அவசரம் கூட. காரணங்கள் இரண்டு: தண்ணீர், கடல்.

தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடல்நீரை நன்னீராக்கும் நிலையங்கள் வந்த பிறகும் நெடுந்தீவில் கிணற்றுநீர் பெரும்பாலும் உவர்தான். நல்ல தண்ணீரை அளந்து புழங்கும் பழக்கம் எங்கள் சனத்துக்குப் பிறவியோடு வந்தது. கடலைப் பொறுத்தவரை, ஊர்காவற்றுறையில் இருந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்விடலாம். நயினாதீவுக்காரர் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு ஏறவேண்டும். நெடுந்தீவுக்காரருக்கு அதே குறிகட்டுவான் ஒரு மணித்தியாலக் கடல். சோளகக் காற்று எழும்பினால் படகு ஓடாத நாளும் உண்டு. பட்டணத்து விடுதியில் ஒரு முதியவருக்கு நிமோனியா வந்தால் அடுத்த கட்டிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். எங்கள் ஊரில் அதே நிமோனியா ஒரு கடற்பயணம். இளையவர்கள் வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்க, வயதானவர்கள் தனித்திருக்கும் ஊர்கள் இவை. விடுதியில் தொற்று வராமல் தடுப்பது வேறு எந்த இடத்தையும் விட இங்கேதான் பெறுமதி.

கையில் இருந்து தொடங்குகிறேன். வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் பிரசவ விடுதி வைத்தியர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தது 1847 இல். அந்த ஏப்ரலில் 18.3 வீதமாக இருந்த தாய்மார் இறப்பு யூலையில் 1.2 வீதமாகியது. அதே 1847 இல்தான் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். அவரைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.

இன்றைக்குக் கைச்சுத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தேவையில்லை. கையில் அழுக்கு தெரியாதபோது அற்ககோல் கைதேய்ப்பான் 20 முதல் 30 செக்கன் போதும். சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 செக்கன். மலம், இரத்தம் பட்ட கைக்குச் சவர்க்காரம்தான், அதில் மாற்றமில்லை. ஜெனீவாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் கைதேய்ப்பானைக் கட்டிலடிக்குக் கொண்டுவந்து, 1994 இல் 48 வீதமாக இருந்த கைச்சுத்தத்தை 1997 இல் 66 வீதமாக்கினார்கள். அதே காலத்தில் வைத்தியசாலைத் தொற்று 16.9 இல் இருந்து 9.9 வீதமாக இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2009 இல் கைதேய்ப்பானின் செய்முறையையே வெளியிட்டுவிட்டது: 80 வீத எதனோல், கொஞ்சம் கிளிசரின், கொஞ்சம் ஐதரசன் பேரொட்சைட்டு. தண்ணீர் இல்லாத ஊருக்கென்றே செய்ததுபோல ஒரு பொருள். ஆனால் அது தாதியின் மேசையில் இருந்து பயனில்லை. ஒவ்வொரு கட்டில் காலிலும் தொங்கவேண்டும்.

அடுத்தது பேசின். ஓய்வுபெற்ற பிறகு, சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க ஒரு விடுதிக்குப் போயிருந்தேன். விடியப்புறம் நோயாளிகளைத் துடைக்க ஒரு பேசின், ஒரே தண்ணீர், மூன்று கட்டில். மூன்றாவது கட்டிலுக்கு வரும்போது தண்ணீர் சாம்பல் நிறம். துடைத்துக்கொண்டிருந்த பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்றுதான் அவ நினைத்தா. அமெரிக்காவில் மூன்று வைத்தியசாலைகளில் நோயாளியைத் துடைக்கும் 92 பேசின்களைச் சோதித்து 2009 இல் வெளியிட்டார்கள். 98 வீதத்தில் பக்டீரியா வளர்ந்தது. அவை வசதியான இடத்துப் பேசின்கள். ஆளுக்கொரு பேசின், துடைத்ததும் கவிழ்த்து உலரவிடுவது, முகத்துக்கும் கீழ்ப்பகுதிக்கும் வேறு வேறு துணி: இவ்வளவும் முடியாத காரியமா? முழு உடம்பையும் தினமும் நனைக்கத் தண்ணீர் காணாதென்றால் முகம், கை, கமக்கட்டு, தொடையிடுக்கு, கீழ்ப்பகுதி என்று தேவையான இடத்துக்கு அதைக் கொடுக்கலாம். சிறுநீர்க் கதீற்றர் போட்டவருக்குத் தினமும் கிருமிநாசினி ஊற்றிக் கழுவுவதும் அவசியமில்லை. வழக்கமான சவர்க்காரக் கழுவலே போதும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2009 இல் சொல்லிவிட்டது.

பெரிய இடத்தில் செய்வதையெல்லாம் இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. குளோர்எக்சிடீன் துணியால் தினமும் துடைத்தால் இரத்தத் தொற்றுக் குறையும் என்று 2013 இல் வந்த ஆய்வு அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்தது. 2015 இல் இன்னொரு ஆய்வு அதே வகைப் பிரிவுகளில் அந்தப் பயனைக் காணவில்லை. தீவகத்து விடுதிக்கு அந்தச் செலவு வேண்டாம்.

வேண்டியது பல் பிறஷ். இதை நான் வலியுறுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் நாங்கள் அதிகம் கைவிடும் இடம் வாய்தான். கைகால் வராத ஒரு முதியவரின் வாயை ரோர்ச் அடித்துப் பாருங்கள். அண்ணத்தில் காய்ந்த சோற்றுப்பசை, நாக்கில் மஞ்சள் படை, நாலைந்து நாளாகக் கழற்றாத கட்டுப்பல், அதன் கீழே முரசு வெந்து சிவந்திருக்கும். இந்த அழுக்குக் கலந்த உமிழ்நீர் நித்திரையில் சுவாசப்பைக்குள் இறங்குகிறது, அங்கே நிமோனியா ஆகிறது. யப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் பார்த்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பல் துலக்கிவிட்டவர்களில் 11 வீதத்தினருக்கும், வழமைப்படி விட்டவர்களில் 19 வீதத்தினருக்கும் நிமோனியா வந்தது. ஒருவருக்குத் துலக்கிவிட அரைக் கோப்பைத் தண்ணீர் காணும். பல் இல்லாதவருக்கு ஈரத்துணி சுற்றிய விரல். இரவில் கட்டுப்பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட ஒரு மூடிப் பேணி. துணைக்கு நிற்கும் மகளோ மருமகளோ ஒரு நாளில் பழகிவிடுவா. ஆனால் தாதி அதை மருந்து கொடுப்பதுபோல அட்டவணையில் குறித்தால்தான் நடக்கும். குறிக்க அட்டவணையில் ஒரு கட்டம் வேண்டும். அந்தக் கட்டத்தைப் போடும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

இனிக் கிறீன். ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவர்கள் ஊரை விட்டுப் போவதைக் கண்டு, அவர் தமிழிலேயே வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். தானே தமிழ் கற்று, வைத்திய நூல்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார். அது மானிப்பாயில், 150 வருடத்துக்கு முன்னர் நடந்தது. இன்று யாழ் பல்கலைக்கழகம் தாதியியலில் பட்டம் கொடுக்கிறது. அந்த ஆசிரியர்களையும் தீவக வைத்தியசாலைத் தாதியரையும் ஒரு மேசையில் இருத்தி, வாய், தோல், முதுகு, கதீற்றர் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பக்கத் தமிழ் வழிகாட்டி எழுதுவியுங்கள். சிற்றூழியரும் வாசிக்கும் தமிழில் இருக்கட்டும். எதைச் செய்யவேண்டும் என்பதோடு எதை நிறுத்தவேண்டும் என்பதும் உங்கள் கையொப்பத்தோடு அதில் இருக்கவேண்டும். மூத்தவர் பழக்கிய வேலையை ஒரு இளம் தாதி தானாக நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

மாதம் ஒரு தடவை ஒவ்வொரு விடுதியிலும் படுக்கைப்புண்ணை எண்ணச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு, எந்த இடத்தில், வரும்போதே இருந்ததா, விடுதியில் வந்ததா என்று நாலு வரி போதும். அதை வைத்து யாரையும் தண்டிக்க வேண்டாம். தண்டனை என்றால் புண் கணக்கில் இருந்துதான் மறையும், முதுகில் இருந்து மறையாது.

இதற்கெல்லாம் அனுப்பவேண்டிய பொருட்கள் இவைதான்: கைதேய்ப்பான், பிறஷ், மூடிப் பேணி, ஆளுக்கொரு பேசின், மேலதிகத் தலையணை உறை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்கும் கடலால் போகவேண்டிய இடங்கள். சோளகம் தொடங்கினால் பெட்டிகள் இறங்குதுறைகளில் காத்துக் கிடக்கும். சித்திரைக்குள் ஏற்றிவிடுங்கள். இறக்கி எண்ணி எடுக்க ஆள் தேவையென்றால் நான் இறங்குதுறைக்கு வருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
நெடுந்தீவு.