எழுத்தறிவா? எண்ணிக்கை வேட்டையா?

கடை வைத்திருக்கும் சகோதரர்களே! ஒரு நிமிடம் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத 5 கோடிப் பேருக்கு எழுத்தும் எண்ணும் கற்றுத்தர, 2022 முதல் 2027 வரை புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். மத்திய அரசின் பங்கு 700 கோடி. மாநிலங்களின் பங்கு 337 கோடியே 90 லட்சம். ஆக மொத்தம் 1,037 கோடியே 90 லட்சம் ரூபாய். தலைக்கு எவ்வளவு விழுகிறது? 208 ரூபாய்கூட முழுதாக இல்லை! ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலையில் ஒரு மனிதனுக்குக் கல்வியாம்!

இந்தக் காசில் யார் பாடம் நடத்துவது? தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது. 2009 முதல் 2018 வரை சாக்ஷர் பாரத் திட்டம் நடந்த மாவட்டங்களில், மையத்தை நடத்தும் பிரேரக்குகளுக்கு மாதம் 2,000 ரூபாயாவது கொடுத்தார்கள். அந்த அற்பத் தொகையும் போயிற்று.

பணம் இல்லை, பாடம் நடத்துபவருக்குக் கூலி இல்லை. ஆனால் தேர்வு மட்டும் உண்டு! வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50. 33 சதவீதம் எடுத்தால் சான்றிதழ். ஒரு மாநிலத்தில் எழுத்தறிவு 95 சதவீதத்தைத் தொட்டால் 'முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம்' என்ற பட்டம். மிசோரம், கோவா, திரிபுரா, இமாச்சலப் பிரதேசம் ஆகியவை 2025-ல் இப்படி அறிவித்துக்கொண்டன. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், தொடர்கல்வி என்றெல்லாம் இத்திட்டத்தில் ஐந்து அங்கங்கள் உண்டு. பட்டத்துக்காக எண்ணப்படுவது முதல் அங்கம் ஒன்றுதான். மற்ற நான்கையும் எந்த அதிகாரி விழுந்து விழுந்து கவனிப்பார்?

தொழில் திறனுக்குத் தனி ஏணி ஒன்று இருக்கிறது. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அப்போது பத்துப் படிகள். 2023-ல் எட்டாகக் குறைத்தார்கள். எந்தப் பயிற்சியானாலும் ஏதாவது ஒரு படியில் தொங்க வேண்டும். எந்த வேலைக்கு எந்தத் திறன் என்று எழுதித் தருவது பெரும்பாலும் தொழில் நிறுவனங்கள் தலைமை தாங்கும் கவுன்சில்கள். யாருடைய தேவைக்காக இந்த ஏணி என்பது இதிலிருந்தே தெரியவில்லையா? முஸ்லிம் உழைப்பாளர்களில் சுமார் 61 சதவீதம் பேர் சொந்தத் தொழில் செய்பவர்கள் என்று 2006-ல் சச்சார் குழு சொன்னது. தள்ளுவண்டிக்காரருக்கும், வீட்டுத் திண்ணையில் தையல் எந்திரம் போட்டிருக்கும் சகோதரிக்கும் முதலாளி ஏது? அவர்கள் எந்த முதலாளியிடம் இந்தப் படிச் சான்றிதழை நீட்டுவது?

இந்த ஏணிச் சரக்கு இங்கே விளைந்ததல்ல. இங்கிலாந்து 1980-களிலேயே வேலைத் திறன்களைப் படிப்படியாக அடுக்கத் தொடங்கிவிட்டது. பிறகு முதியோர் கல்வியையும் அதே ஏணியில் ஏற்றியது. அங்கே என்ன நடந்தது என்பதை நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவர் எழுத்திலும் கணக்கிலும் தடுமாறுகிறார் என்று 1999-ல் மோசர் குழு சொன்னது. 2001-ல் டோனி பிளேர் அரசு 'வாழ்க்கைக்கான திறன்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நம்மைப்போல் 208 ரூபாய்க் கஞ்சத்தனம் அல்ல. 2007-க்குள் சுமார் 500 கோடி பவுண்டு செலவழித்தார்கள். கற்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சியும் தகுதியும் தந்தார்கள். பாராட்டத்தான் வேண்டும்!

கோளாறு இலக்கில் புகுந்தது. 2010-க்குள் 22 லட்சத்து 50 ஆயிரம் பேர் தேற வேண்டும் என்றார்கள். ஐந்து படிகள் வைத்தார்கள். ஆனால் மூன்றாவது படியிலிருந்து தேறியவர்தான் இலக்குக் கணக்கில் சேருவார். அடிப்படியில் நிற்பவன் எவ்வளவு முன்னேறினாலும் பூஜ்யம்! மேல் இரண்டு படிகளுக்கும் தேர்வு 40 கேள்விகள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். எழுத்தறிவுத் தேர்வில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. இதைவிடக் கேலிக்கூத்து உண்டா? விளிம்பில் நிற்பவனைத் தள்ளி ஏற்றுவது சுலபம். அடியில் கிடப்பவனைத் தூக்குவது கஷ்டம். வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, எது சீக்கிரம் விற்குமோ அதைத்தானே முன்வரிசையில் அடுக்குவோம்?

இலக்கு 2008-லேயே எட்டப்பட்டது. இரண்டாண்டு முன்கூட்டியே! மார்தட்டிக்கொண்டார்கள். 2011-ல் அரசே நடத்திய ஆய்வு வேறு கதை சொன்னது. எழுத்தறிவில் மேல்படியில் இருந்தவர்கள் 2003-ல் 44 சதவீதம். 2011-ல் 57 சதவீதம். அது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடிமட்டத்தில் இருந்தவர்கள் 3.4 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் கூடினார்கள். கணக்கில் மேல்படியில் இருந்தவர்களோ 26 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைந்தார்கள். சான்றிதழ் குவிந்தது, கணக்கு தேய்ந்தது.

நம் சமுதாயப் பெண்களுக்கு அங்கே என்ன நேர்ந்தது தெரியுமா? கல்வி என்பது வேலைத் திறன் என்று ஆனபின், 2010-ல் வந்த கேமரூன் அரசு ஆங்கில வகுப்புக்கு இலவச இடத்தை வேலை தேடும் உதவித்தொகை வாங்குபவர்களுக்கு என்று சுருக்கப் பார்த்தது. வீட்டில் இருக்கும் தாய்க்கு எந்த வேலை, எந்த உதவித்தொகை? 2009-10-ல் சுமார் 20 கோடி பவுண்டாக இருந்த ஆங்கில வகுப்பு ஒதுக்கீடு 2015-16-ல் 9 கோடியாகச் சரிந்தது. இப்படிக் கதவைச் சாத்திவிட்டு, 2016 ஜனவரியில் அதே கேமரூன் என்ன சொன்னார்? முஸ்லிம் பெண்களில் 22 சதவீதம் பேருக்கு ஆங்கிலம் சரியாகவோ அறவேயோ தெரியவில்லை, கற்காவிட்டால் நாட்டில் தங்குவது கடினமாகலாம் என்றார். கூடவே 2 கோடி பவுண்டை வீசினார். வெட்டியது பத்துக் கோடிக்கு மேல். கொடுத்தது இரண்டு கோடி. பழி மட்டும் புர்கா மீது!

இனி கணக்குக்கு வருவோம். பிரேசிலில் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த சிறுவர்களை ஆராய்ந்து 1985-ல் ஓர் ஆய்வு வெளியானது. வாடிக்கையாளர்போல் போய்க் கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரி. அதே கணக்குகளைப் பள்ளி முறையில் தாளில் கொடுத்தபோது 37 தான் சரி! 35 காசுத் தேங்காய் நான்கு என்ன விலை என்றால், மூன்று 105, இன்னொன்று 35, ஆக 140 என்று வாயால் சொல்லும் பையன், தாளில் 35-ஐ நான்கால் பெருக்கி 200 என்று எழுதினான். இவனுக்குக் கணக்குத் தெரியுமா, தெரியாதா? தாளை மட்டும் பார்க்கும் அளவுகோல் தெரியாது என்று முத்திரை குத்தும். நல்ல ஆசிரியர் அவனுடைய தேங்காய்க் கணக்கிலிருந்தே தாளுக்கு அழைத்து வருவார். அதற்கு நேரம் வேண்டும், சம்பளம் வாங்கும் ஆசிரியர் வேண்டும்.

எழுத்துக்கும் இதே கதிதான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபுத் தமிழ் நூல்களைச் சரளமாக வாசித்த மூதாட்டிகள் உண்டு. ஆனால் நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வாசிக்கத் தெரிந்து எழுதத் தெரியாதவர் எழுத்தறிவற்றவர். எழுத்து எது, ஓசை எது என்று ஏற்கெனவே அறிந்த அந்தக் கண்களை, ஒன்றுமே தெரியாதவர்களோடு உட்காரவைத்து 'அ' விலிருந்து தொடங்குவது முட்டாள்தனம் இல்லையா?

வேறு வழி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1991-92-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. அன்றும் மூன்று பாடநூல், ஒன்பது சோதனை என்ற அரசுக் கணக்கு இருந்தது. ஆனால் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அந்த இயக்கம், எந்தச் சோதனையிலும் இல்லாத சைக்கிளை ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது! அது எத்தனையாவது படி? எந்தப் படியும் இல்லை. ஆனால் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அவர்கள் யாரையும் கெஞ்சாமல் போனார்கள்.

ஆகவே இளைஞர்களே! உங்கள் வட்டாரத்தில் எழுத்தறிவு மையம் இருந்தால் போய்ப் பாருங்கள். எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்காதீர்கள். அதை அவர்களே தம்பட்டம் அடிப்பார்கள். தேறியவர் ஆறு மாதம் கழித்து எதை வாசிக்கிறார், கற்றுத்தந்த பெண்ணுக்குப் போக்குவரத்துச் செலவாவது யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

ஜமாஅத்துகளும் வணிகர் சங்கங்களும் தங்கள் மஹல்லாவில் ஒரே ஒரு வகுப்பையாவது சம்பளம் கொடுத்து நடத்தட்டும். பாடநூலோடு, குழுக்கடன் அட்டை, ரேஷன் கடை ரசீது, மருந்துச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் என்று அவரவர் கையெழுத்துப் போட வேண்டிய தாளையே கொண்டுவரச் சொல்லுங்கள். பெண்களுக்கு வகுப்பு பகல் இரண்டு மணிக்கு மேல் இருக்கட்டும். மாலையில் பிள்ளைகளும் அடுப்பும் அவர்களை விடாது.